ஷேர்பாயிண்ட் சர்வர் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன்: கொட்டேஷன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிளவுடுக்குப் போக முடியாது, ஆவணங்கள் எங்கள் கட்டடத்து சர்வரிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லும் நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் இப்போது கைகாட்டும் ஷேர்பாயிண்ட் இதுதான். 2021 நவம்பரில் வெளியானது. ஆவணக் களஞ்சியம், வெர்ஷன் கட்டுப்பாடு, ஒப்புதல் நடைமுறை, தேடல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் மென்பொருள்களில் இன்னும் முன்வரிசையில் இருக்கிறது. சிக்கல், அதற்கு சர்வர் வாங்கும் முறையில் இருக்கிறது. வெண்டர் தரும் கொட்டேஷனில் ப்ராசசர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ரேம் ஓரளவுக்கு இருக்கும், டிஸ்க் பற்றி மட்டும் "4 டிபி" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். இந்த மென்பொருள் பெரும்பாலும் படுத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லில்தான்.

மைக்ரோசாஃப்டின் அட்டவணை

பரிசோதனைக்குத் தனி சர்வர் என்றால் 16 ஜிபி ரேம். எல்லா சேவைகளையும் ஒரே சர்வரில் ஓட்டிப் பார்க்க 24 ஜிபி. பல சர்வர் கொண்ட ஃபார்மில், அன்றாடப் பயன்பாட்டுக்கான வெப் அல்லது அப்ளிகேஷன் சர்வர் ஒவ்வொன்றுக்கும் 16 ஜிபி. ப்ராசசர் 64 பிட், 4 கோர். சி டிரைவ் 80 ஜிபி. இவையெல்லாம் "இதற்குக் கீழே போனால் எங்களைக் கேட்காதே" என்கிற அளவுகள். இவ்வளவு இருந்தால் நன்றாக ஓடும் என்று பொருள் கொண்டு வாங்கினால் ஆறே மாதத்தில் கையைக் கடிக்கும்.

சி டிரைவையே எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் அப்டேட்டும் ஷேர்பாயிண்ட் பேட்ச்களும் இன்ஸ்டாலர் கோப்புறையில் மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும். ஷேர்பாயிண்டின் டயக்னாஸ்டிக் லாக் இயல்பாக சி டிரைவில்தான் விழும், 14 நாள் தங்கும். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் எழுதும் லாக் தானாக அழியவே அழியாது. 150 ஜிபி கொடுத்துவிட்டு, இரண்டு லாகையும் முதல் நாளே வேறு டிரைவுக்கு மாற்றிவிடுவது நல்லது. டயக்னாஸ்டிக் லாகுக்குக் கொடுக்கும் பாதை ஃபார்மில் உள்ள எல்லா சர்வரிலும் இருக்க வேண்டும். ஒன்றில் டி டிரைவ், இன்னொன்றில் ஈ டிரைவ் என்று பிரித்து வைத்திருந்தால் அமைப்பு ஏற்காது. சர்வர்களை ஒரே அச்சில் வார்த்தது போல அமைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆவணக் கணக்கு

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு மைக்ரோசாஃப்டே ஒரு சூத்திரம் தருகிறது. ஆவணங்களின் எண்ணிக்கையைச் சராசரி வெர்ஷன் எண்ணிக்கையால் பெருக்கி, அதைச் சராசரிக் கோப்பு அளவால் பெருக்க வேண்டும். பிறகு, லிஸ்ட் (ஷேர்பாயிண்டில் அட்டவணையாக வைக்கும் பதிவுகள்) உருப்படிகளோடு முன்சொன்ன ஆவண-வெர்ஷன் பெருக்கத்தைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் 10 கேபி மெட்டாடேட்டா (ஆவணத்தைப் பற்றிய விவரங்கள்) சேர்க்க வேண்டும்.

ஒரு நடுத்தர நிறுவனம்: 3 லட்சம் ஆவணங்கள், சராசரி 3 வெர்ஷன், சராசரி அளவு 700 கேபி, 5 லட்சம் லிஸ்ட் உருப்படிகள். ஆவணம் 3 லட்சம், வெர்ஷன் 3, ஆக 9 லட்சம் பிரதிகள். அதை 700 கேபியால் பெருக்கினால் 63 கோடி கேபி. மெட்டாடேட்டா 14 லட்சத்தை 10 கேபியால் பெருக்கினால் 1.4 கோடி கேபி. மொத்தம் 64.4 கோடி கேபி, அதாவது ஏறக்குறைய 614 ஜிபி. வருடம் 25 சதவீதம் வளரும் என்று வைத்தால் மூன்று வருடத்தில் 1.2 டிபி. இது ஆவணங்கள் உட்காரும் கன்டென்ட் டேட்டாபேஸ் மட்டும். டிரான்சாக்‌ஷன் லாக், டெம்ப்டிபி (டேட்டாபேஸ் மென்பொருளின் தற்காலிக வேலையிடம்), தேடல் இண்டெக்ஸ், பேக்கப் எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கில் ஏமாற்றும் இலக்கம் வெர்ஷன்தான். வேர்டு, எக்செல் கோப்புகளில் மாறிய துண்டுகளை மட்டும் சேமிக்கும் வசதி உண்டு; அவற்றுக்கு இந்தச் சூத்திரம் கூடுதலாகவே காட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப், வரைபடக் கோப்பு போன்றவற்றில் அந்தச் சேமிப்பை நம்பக் கூடாது, ஒவ்வொரு வெர்ஷனும் முழு எடை என்றே எண்ண வேண்டும். லைப்ரரியில் வெர்ஷனுக்கு உச்சவரம்பு வைக்காமல் விட்டால் 3 என்று போட்ட கணக்கு ஒரு வருடத்தில் 12 ஆகி நிற்கும். எத்தனை வெர்ஷன் வைத்திருக்கலாம் என்று பயனர் துறைகளிடம் எழுத்தில் வாங்கிய பிறகு டிஸ்க் அளவைத் தீர்மானியுங்கள்.

614 ஜிபியை ஒரே டேட்டாபேஸில் அடைக்கலாமா? ஒரு கன்டென்ட் டேட்டாபேஸுக்கு 200 ஜிபி என்பது பரிந்துரை. டிஸ்க் வேகமும் பேக்கப் ஏற்பாடும் சரியாக இருந்தால் 4 டிபி வரை ஆதரவு உண்டு. 200 ஜிபிக்கு உள்ளேயே வைத்திருப்பதன் அருமை ரீஸ்டோர் செய்யும் நாளில் தெரியும். ஆனால் தளங்களின் தொகுப்பான ஒரு சைட் கலெக்‌ஷன் இரண்டு டேட்டாபேஸில் பரவி உட்காராது. கணக்கு, மனிதவளம், ஒப்பந்தம், பொறியியல் என்று எல்லாத் துறையையும் ஒரே சைட் கலெக்‌ஷனுக்குள் துணைத் தளங்களாகப் போட்டுவிட்டால், பிறகு பிரிப்பது என்பது லைப்ரரி லைப்ரரியாக இடம்பெயர்க்கும் வேலை. அனுமதி, வெர்ஷன், இணைப்பு எல்லாம் கலைந்து போகும். துறைக்கு ஒரு சைட் கலெக்‌ஷன், பெரிய துறைக்குத் தனி டேட்டாபேஸ் என்று காகிதத்தில் வரைந்த பிறகுதான் இன்ஸ்டாலேஷன் கோப்பைத் தொட வேண்டும். சர்வர் திட்டமிடலில் இது எங்கே வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இதுதான் முதலில் வருகிறது.

டிஸ்க்: கொள்ளளவு வேறு, வேகம் வேறு

200 ஜிபியைத் தாண்டும் டேட்டாபேஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வேகம், ஒரு ஜிபிக்குக் குறைந்தது 0.25 ஐஓபிஎஸ் (டிஸ்க் ஒரு நொடியில் செய்யும் வாசிப்பு, எழுதும் வேலைகளின் எண்ணிக்கை), நன்றாக ஓட 2 ஐஓபிஎஸ். டேட்டாபேஸ்கள் சிறிதாக இருந்தாலும் மொத்தத் தொகுப்புக்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 1.2 டிபிக்குக் குறைந்தபட்சம் 300, நல்ல நிலையில் 2,400.

இப்போது கொட்டேஷனில் வரும் "4 டிபி"யைப் பாருங்கள். 7,200 சுழற்சி சாட்டா டிஸ்க் ஒன்று 80 ஐஓபிஎஸ் தரும் என்று வைத்துக்கொள்வோம். நான்கைச் சேர்த்தால் 320. வாசிப்புக்கு அது கிடைக்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறைகளில், ரெய்டு 5-ல் ஒவ்வொரு முறை எழுதும்போதும் நான்கு டிஸ்க் வேலை: பழைய தரவைப் படி, பேரிட்டியை (ஒரு டிஸ்க் கெட்டால் தரவை மீட்க உதவும் கூடுதல் குறிப்பு) படி, தரவை எழுது, பேரிட்டியை எழுது. எழுதும் வேகம் 80-க்கு விழுந்துவிடும். ரெய்டு 10 என்றால் 160. காலையில் எல்லோரும் கோப்புகளை ஏற்றும் நேரத்தில் இரண்டுமே காணாது. சாதாரண என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி ஒரு ஜோடியே ஆயிரக்கணக்கில் தரும். ப்ராசசரில் ஒரு படி இறங்கி அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுப்பது இந்த மென்பொருளுக்குப் பொருத்தமான பேரம். எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்டி வாங்க முடியாவிட்டால் வரிசை இது: டெம்ப்டிபி, டிரான்சாக்‌ஷன் லாக், தேடல் டேட்டாபேஸ்கள், அதன் பிறகு கன்டென்ட். பேக்கப் சுழலும் டிஸ்க்கில் போகலாம், ஆனால் அதே ரெய்டு தொகுப்பில் போகக் கூடாது.

பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புக் கருவி) இருக்கிறதே, பெரிய கோப்புகளை டேட்டாபேஸுக்கு வெளியே வைக்கும் ரிமோட் பிளாப் முறையில் அங்கே தள்ளிவிடலாமே என்ற யோசனையும் வரும். நாஸ் 20 மில்லி செகண்டுக்குள் முதல் பைட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டு வகை நாஸ் இதில் தேறாது. போதாததற்கு, டேட்டாபேஸ் அளவு வரம்பில் பிளாப்களும் சேர்த்தே எண்ணப்படும். வெளியே வைத்ததால் வரம்பு கூடாது.

எஸ்க்யூஎல் பக்கம்

ஷேர்பாயிண்டின் டேட்டாபேஸ்களைத் தாங்குவது எஸ்க்யூஎல் சர்வர். அதில் 2019 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். எக்ஸ்பிரஸ் பதிப்பு ஆதரவில் இல்லை. மொத்த கன்டென்ட் 2 டிபி வரை 32 ஜிபி ரேம், 5 டிபி வரை 64 ஜிபி என்பது மைக்ரோசாஃப்டின் வழிகாட்டல். நம் எடுத்துக்காட்டு நிறுவனத்துக்கு 64 கொடுத்துவிட்டால் மூன்று வருடம் கவலை இல்லை. மேக்ஸ் சர்வர் மெமரியை விண்டோஸுக்கு 6 முதல் 8 ஜிபி விட்டு அமைக்காவிட்டால், எஸ்க்யூஎல் கிடைத்ததை எல்லாம் விழுங்கிவிட்டு பேக்கப் நேரத்தில் சர்வரைத் திணற வைக்கும்.

பல இன்ஸ்டாலேஷன் நிற்கும் இடம் மேக்ஸ்டாப். மேக்ஸ் டிகிரி ஆஃப் பேரலலிசம், அதாவது ஒரு வினவலுக்கு எஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ப்ராசசர் எண்ணிக்கை, 1 ஆக இருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்யும் கணக்குக்கு அதை மாற்றும் உரிமை இல்லாவிட்டால், கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸை உருவாக்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) முன்கூட்டியே 1 வைத்துவிட்டால், இன்ஸ்டால் கணக்குக்கு டிபிகிரியேட்டர், செக்யூரிட்டிஅட்மின் இரண்டு உரிமை போதும். இந்த அமைப்பு இன்ஸ்டன்ஸ் (சர்வரில் தனியாக ஓடும் ஒரு எஸ்க்யூஎல் நிறுவல்) முழுவதையும் பாதிக்கும். நிறுவன நிர்வாக மென்பொருளான ஈஆர்பி ஓடும் இன்ஸ்டன்ஸில் ஷேர்பாயிண்டையும் ஏற்றினால் மாதக் கடைசி அறிக்கைகள் இழுக்கத் தொடங்கும். காரணம் யாருக்கும் சட்டென்று புலப்படாது. தனி இன்ஸ்டன்ஸ், முடிந்தால் தனி சர்வர்.

மற்றவை சுருக்கமாக. டேட்டா டிரைவுகளை 64 கேபி அலோகேஷன் யூனிட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். ஆட்டோகுரோத்தை (டேட்டாபேஸ் கோப்பு தானாக வளரும் அளவு) சதவீதத்தில் வைக்காமல் எம்பியில் வையுங்கள். ஆட்டோ கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸை ஷேர்பாயிண்ட் டேட்டாபேஸ்களில் இயக்க வேண்டாம். கொலேஷன் (டேட்டாபேஸ் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) பெயரில் லத்தீன் என்று இருப்பதைப் பார்த்துத் தமிழ் ஆவணப் பெயர்கள் கெட்டுவிடுமோ என்று பதற வேண்டாம், யூனிகோடாகவே சேமிக்கப்படும். சர்வர் பெயரை நேரடியாகக் கொடுக்காமல் எஸ்க்யூஎல் ஏலியஸ் (மாற்றுப்பெயர்) வழியாக இணையுங்கள். நாளை எஸ்க்யூஎல் சர்வரை மாற்றும்போது ஒரு வரித் திருத்தத்தில் முடியும். ஃபுல் ரிக்கவரி மாடலில் லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் லாக் கோப்பு டிஸ்க்கை நிரப்பி எழுதுவதை நிறுத்திவிடும். "ஷேர்பாயிண்ட் திடீரென்று ரீட்-ஒன்லி ஆகிவிட்டது" என்று வரும் அழைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

விஸார்டு வழியாக ஃபார்ம் அமைத்தால் டேட்டாபேஸ் பெயர்களின் வாலில் 32 இலக்கக் குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். பேக்கப் பட்டியலில் எது எது என்று கண்டுபிடிக்கவே கண் வலிக்கும். பவர்ஷெல்லில் பெயர் கொடுத்து உருவாக்குவதற்கு அரை நாள் கூடுதலாகப் பிடிக்கலாம், தகும்.

எத்தனை சர்வர்

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கும் மின்ரோல் முறையில் இரண்டு கூட்டுப் பாத்திரங்கள் உண்டு: பயனர் கோரிக்கையை வாங்கும் ஃபிரண்ட் எண்டும் அடிக்கடி தேவைப்படும் தரவை ரேமில் வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் கேஷும் சேர்ந்தது ஒன்று, அப்ளிகேஷனும் தேடலும் சேர்ந்தது மற்றொன்று. ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டால் இரண்டு ஷேர்பாயிண்ட் சர்வர். ஒன்று விழுந்தாலும் ஓட வேண்டும் என்றால் நான்கு. நம் எடுத்துக்காட்டுக்கு ஃபிரண்ட் எண்ட் 4 கோர் 24 ஜிபி, தேடல் சர்வர் 8 கோர் 32 ஜிபி, எஸ்க்யூஎல் 8 கோர் 64 ஜிபி. கூட்டினால் 20 கோர், 120 ஜிபி. இவற்றை விர்ச்சுவல் மெஷின்களாக ஒரே ஹோஸ்ட்டில் வைப்பதானால் 192 ஜிபி ரேம் போட்ட சர்வர் வாங்குங்கள்.

விர்ச்சுவல் மெஷினில் டைனமிக் மெமரி கூடாது, ஆதரவும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டட் கேஷ் தன் அளவை இன்ஸ்டால் ஆகும்போது உள்ள ரேமில் 10 சதவீதம் என்று தீர்மானித்துக்கொள்ளும். பிறகு ரேம் கூட்டினாலும் அது தானாக மாறாது, எல்லா கேஷ் சர்வரிலும் சேவையை நிறுத்திவிட்டு பவர்ஷெல்லில் கைமுறையாகக் கூட்ட வேண்டும். 16 ஜிபிக்கு மேல் கேஷ் கொடுக்கவும் கூடாது. ஃபயர்வாலில் 22233 முதல் 22236 வரை போர்ட்டுகளைத் திறந்தும் கேஷ் எழும்பாவிட்டால், பாதுகாப்புக் குழு பிங்கை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி கேஷுக்கும் வேண்டும்.

தேடல்தான் ரேம் தின்னி. நோட்ரன்னர் என்ற பெயரில் பல ப்ராசஸ்கள் ஓடும். அவற்றுக்கு மெமரி வரம்பு வைக்கச் சொல்லும் இணையக் குறிப்புகளை நம்ப வேண்டாம், இண்டெக்ஸ் உடைந்து போகலாம். ஒரு இண்டெக்ஸ் பகுதி 2 கோடி உருப்படி வரை தாங்கும், அதற்கு 32 ஜிபி ரேம், 8 கோர், 500 ஜிபி டிஸ்க் வேண்டும். இண்டெக்ஸ் இருக்கும் இடத்தை முதலிலேயே வேறு டிரைவில் காட்டிவிடுங்கள்.

வெப் சர்வருக்கும் எஸ்க்யூஎல்லுக்கும் நடுவே தாமதம் 1 மில்லி செகண்டுக்குள், வேகம் 1 ஜிபிபிஎஸ். எஸ்க்யூஎல் தலைமையகத்தில், வெப் சர்வர் கிளையில் என்று லீஸ்டு லைனை நம்பிப் பிரிப்பது நடக்காத காரியம்.

இந்தப் பதிப்பில் மெச்ச வேண்டியது

2019 பதிப்பில் முன்தேவை மென்பொருள்கள் ஒரு மூட்டை இருந்தன. இணையம் இல்லாத சர்வரில் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றுவதே ஒரு தனி வேலை. இதில் டாட்நெட் 4.8, விஷுவல் சி++ ரன்டைம் தவிர வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியது எதுவும் இல்லை. முன்பு கேஷுக்காகத் தனியாக ஏற்றிய ஆப்ஃபேப்ரிக்கின் வேலையை உள்ளேயே எடுத்துக்கொண்டார்கள். திரை முகப்பு இல்லாத விண்டோஸ் சர்வர் கோரிலும் ஏறும். ஆனால் விண்டோஸ் சர்வர் 2019-க்குக் கீழ் ஏறாது. பயனர் கணக்குகளைக் காக்கும் டொமைன் கன்ட்ரோலரில் இதை வைக்க நினைக்காதீர்கள். பிரவுசரிலேயே வேர்டு, எக்செல் திறக்க உதவும் ஆபீஸ் ஆன்லைன் சர்வரையும் ஷேர்பாயிண்டோடு ஒரே சர்வரில் வைக்க முடியாது, தனி மெஷின் கேட்கும். அதன் ஆதரவு 2026 டிசம்பர் 31-ல் முடிகிறது என்பதால் புதிதாகத் திட்டமிடுபவர்கள் அதை நம்பிப் பணம் போட வேண்டாம்.

தமிழ் ஆவணங்கள் இருந்தால்

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் ஏறும், திறக்கும், அச்சாகும். தேடலில் மட்டும் வராது. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். யூனிகோடில் தேடினால் எங்கிருந்து வரும்? ஏற்றும் முன் மாற்றிவிடுங்கள். ஸ்கேன் பிடிஎஃப்களை ஷேர்பாயிண்ட் சர்வர் தானே ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காண்பது) செய்யாது. ஸ்கேனர் பக்கத்திலேயே டெசராக்ட் போன்ற ஒன்றில் தமிழ் மாதிரியை வைத்து எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு 4 கோர் மெஷினைத் தனியாக ஒதுக்குங்கள், தேடல் சர்வரில் ஓட்டாதீர்கள்.

கோப்புறைப் பெயர் நீளமும் கவனிக்க வேண்டியது. பாதைக்கு 400 குறி வரை அனுமதி. ஒவ்வொரு தமிழ்க் குறியும் இணைப்பாக மாறும்போது 9 குறியாக நீளும். "கோ" என்பது இரண்டு குறி, ஆக 18. "கொள்முதல் ஒப்பந்தங்கள் 2024-25" போன்ற கோப்புறைகளை ஐந்து அடுக்கு அடுக்கினால், மெயிலில் அனுப்பும் இணைப்பு பாதியில் முறியும். கோப்புறைக்குச் சுருக்கமான பெயர், விவரம் எல்லாம் மெட்டாடேட்டா பத்தியில் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு, உரிமம்

2025 ஜூலையில் சிவிஇ-2025-53770 என்ற ஓட்டை வழியாக உலகெங்கும் சொந்த சர்வர் ஷேர்பாயிண்ட்கள் தாக்கப்பட்டன. சர்வரின் ரகசியக் குறியீடான மெஷின் கீயைத் திருடிக்கொண்டு போனவர்கள், பேட்ச் போட்ட பிறகும் உள்ளே வர முடிந்தது. கீயை மாற்றி ஐஐஎஸ்ஸை மறுதொடக்கம் செய்தால்தான் கதவு மூடும். ஆம்சி ஸ்கேனிங்கை (வரும் கோரிக்கைகளை வைரஸ் தடுப்பு மென்பொருளிடம் காட்டும் வசதி) முதல் நாளே இயக்குங்கள். மாதப் பேட்சுக்கு ஒரு பராமரிப்பு நேரத்தையும், அதைச் சோதிக்க ஒரு சிறிய ஃபார்மையும் பட்ஜெட்டில் சேருங்கள். பேட்ச் கோப்பை ஓட்டியதோடு வேலை முடியாது, ஒவ்வொரு சர்வரிலும் கான்ஃபிகரேஷன் விஸார்டு ஓட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு "பேட்ச் போட்டாச்சு" என்று எழுதிவிடுகிறார்கள்.

உரிமச் செலவில் ஷேர்பாயிண்ட் சர்வருக்கும் பயனர்களுக்கும் தனித்தனி. விண்டோஸ் ஸ்டாண்டர்டு உரிமத்தில் ஹோஸ்ட்டின் எல்லா கோருக்கும் கட்டினாலும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்தான். மூன்றாவதுக்கு மறுபடியும் முழுதாகக் கட்ட வேண்டும். எஸ்க்யூஎல் உரிமம் கோர் கணக்கில், மெஷினுக்குக் குறைந்தது 4 கோர்.

விண்டோஸ், எஸ்க்யூஎல் இரண்டும் தெரிந்த ஆள் ஒருவர் கையில் இருந்து, ஆக்டிவ் டைரக்டரியும் ஏற்கெனவே ஓடும் 200 பேருக்கு மேற்பட்ட நிறுவனத்துக்கு இது பொருந்தும். 50 பேர் அலுவலகத்துக்கு யானைத் தீனி. அவர்கள் அல்ஃப்ரெஸ்கோ கம்யூனிட்டி என்ற ஆவண மென்பொருளைப் பார்க்கலாம். அதில் கோப்புகள் டேட்டாபேஸுக்கு வெளியே டிஸ்க்கில் இருக்கும், அதன் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் சிறியதாகவே நிற்கும். பதிலுக்கு டேட்டாபேஸையும் கோப்புக் கிடங்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பேக்கப் எடுக்கும் பொறுப்பு வந்து சேரும்.

2016, 2019 வைத்திருப்பவர்களுக்கு ஆதரவுக் கெடு 2026 ஜூலை 14. டேட்டாபேஸை அப்படியே இணைத்து நேரடியாக இதற்கு வரலாம். 2013-ல் இருப்பவர்கள் நடுவே 2016-ல் ஒரு தற்காலிக ஃபார்ம் அமைத்துத்தான் ஏற வேண்டும். மேலே சொன்ன டிஸ்க் கணக்கில் அந்த இடைக்கால ஃபார்முக்கான பிரதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 614 ஜிபி என்றால் இடம்பெயரும் நாட்களில் இன்னொரு 614.